ஒப்சனும் ஓர் அண்ணாவும்

கோச் வேலை என்பது, சொன்னதைப் பிள்ளைகள் செய்யாவிட்டால் தலையில் அடித்துக்கொள்வதும், செய்துவிட்டால் அதைவிடப் பலமாக அடித்துக்கொள்வதும்தான். யாருக்காவது எதையாவது பழக்கப்போய் மாட்டிக்கொண்டவர்களுக்கு இது விளங்கும். நான் ஸ்காபரோவின் மல்வேர்ன் பகுதியில் ஒரு பாடசாலையில் கணக்குப் படிப்பிக்கிறேன். பின்னேரங்களில் ஃபுட்போல் கோச். முட்டை வடிவப் பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடுகிற ஃபுட்போல். போன வருடம் ஒரு மாட்சும் வெல்லவில்லை. இந்த முறையும் அப்படியென்றால் அணியைக் கலைத்துவிடுவதாகப் பாடசாலை அதிபர் சொல்லிவிட்டார்.

கையை நீட்டியவர்

முதலில் ஒப்சன் என்கிற ஆட்டமுறையைப் பழக்கினேன். எதிரணியில் ஒருவனை வேண்டுமென்றே தடுக்காமல் விடுவோம். பந்தை வைத்திருக்கும் குவார்ட்டர்பக் அவனையே பார்க்கவேண்டும். பக்கத்தில் ஓடிவரும் நம்முடைய ஆளின்மேல் அவன் பாய்ந்தால், பந்தைக் கொடுக்காமல் தானே ஓடவேண்டும், பாயாவிட்டால் கொடுத்துவிடலாம். முடிவு அந்தக் கணத்தில், குவார்ட்டர்பக்கின் கையில்.

எங்கள் குவார்ட்டர்பக் டிலான். பக்கத்தில் ஓடிவருபவன் அவனுடைய சொந்த அண்ணன் ஜெறோம். டிலான் பயிற்சியிலும் மாட்சிலும் ஒவ்வொரு முறையும் அண்ணனிடமே கொடுத்தான். ஜெறோம் ஒவ்வொரு முறையும் புல்லில் விழுந்து எழும்பினான். ஏனடா என்று டிலானைக் கேட்டேன்.

“சேர், அவர் அண்ணா. கையை நீட்டினா எப்பிடிக் குடுக்காம விடுறது?”

ரகசிய மொழி

ஒப்சனை விட்டுத் திசைதிருப்பலுக்கு மாறினேன். இதில் களத்தில் நின்று யாரும் யோசிக்கத் தேவையில்லை. அணி முழுக்க ஒரு பக்கம் ஓடும், பந்து மறுபக்கம் போகும். பன்னிரண்டு பேரும் ஒழுங்காகப் பொய் சொன்னால் போதும்.

பக்கத்துப் பாடசாலையோடு நடந்த மாட்சில், எதிரணிக்கு விளங்கக்கூடாதென்று கட்டளைகளைத் தமிழில் கத்தினேன். “எல்லாரும் இடப்பக்கம், பந்து வலப்பக்கம்!” தெருவுக்குத் தெரு தமிழர் இருக்கிற ஸ்காபரோவில் இருந்துகொண்டு எனக்கு இந்த யோசனை வந்ததை நீங்கள்தான் மன்னிக்கவேண்டும். பந்து போன பக்கத்தில் அந்தப் பிள்ளைகள் எங்களுக்கு முன்பே போய் நின்றார்கள். தோற்றபிறகு அவர்களில் ஒருவன் மரியாதையாகக் கை கொடுத்தான்.

“அங்கிள், எங்கட வீட்டிலயும் தமிழ்தான்.”

கடைசி மாட்ச்

கடைசி மாட்சும் அதே அணியோடுதான். அதுவரை வெற்றி இல்லை. மாட்ச் முடிய ஒரேயொரு ஓட்டம்தான் மிச்சம், அதில் பந்தோடு எல்லைக்கோட்டைத் தாண்டினால் வெற்றி. இல்லாவிட்டால் எங்களுக்கு அணி இல்லை. பதற்றத்தில் பழைய ஒப்சனையே சொன்னேன், அதுவும் பழக்கதோஷத்தில் தமிழில். “ஜெறோம், இடப்பக்கம்!”

அது எதிரணிக்கு நன்றாக விளங்கியது. தம்பி எப்போதும் அண்ணனிடமே கொடுப்பான் என்பதும் அவர்களுக்குத் தெரியும். கூட்டமாக ஜெறோமின்மேல் பாய்ந்தார்கள். ஜெறோம் கையை நீட்டினான். டிலான் முதல்முறையாகக் கொடுக்கவில்லை. வெறிச்சென்று கிடந்த வலப்பக்கத்தால் தனியே ஓடிக் கோட்டைத் தாண்டினான். அணி தப்பியது.

ஓரத்தில் போனுடன் நின்ற, அண்ணன் தம்பி இருவரின் அம்மா என்னிடம் வந்தார். முகம் சரியில்லை.

“என்ன சேர், மூத்தவன்தான் பந்தோட ஓடுறான் எண்டு நான் அவனையெல்லோ வீடியோ எடுத்துக்கொண்டு நிண்டனான்.”

ஒப்சன் நல்லதா, திசைதிருப்பல் நல்லதா என்று இப்போதும் என்னைக் கேட்கிறார்கள். பெற்ற தாயையே ஏமாற்றிய ஆட்டத்தை எதில் சேர்ப்பதென்று எனக்கு இன்னும் தெரியவில்லை.