அந்தப் பக்கத்துப் பெட்ரோல்

ஓசூரில் காருக்கு எந்த நோய் வந்தாலும் பழி பெட்ரோல் மேல்தான் விழும். விலை எந்த மாநிலத்தில் குறைவோ அங்கே போய் டேங்கை நிரப்பிக்கொண்டு வருவது இங்கே எல்லாருக்கும் பழக்கம். அதன் பிறகு வண்டி கொஞ்சம் இருமினாலும் போதும், "அந்தப் பக்கத்துப் பெட்ரோல் சரியில்லை" என்று தீர்ப்புச் சொல்லிவிடுவார்கள். எல்லைக்கு அந்தப் பக்கம், கர்நாடகத்து அத்திப்பள்ளிக்காரர் நம் பக்கத்தைச் சொல்வார், நாம் அவர் பக்கத்தைச் சொல்வோம். கெலமங்கலம் சாலையில் சின்னதாக ஒரு கார் ஒர்க்ஷாப் வைத்திருக்கும் நான் இதைக் கேட்டு உள்ளுக்குள் சிரித்திருக்கிறேன். என் சொந்தக் காருக்கு வந்தபோது நானும் வாய் கூசாமல் அதையேதான் சொன்னேன்.

அந்தக் காரில்தான் என் மனைவியைக் கீமோவுக்காகப் பெங்களூர் அழைத்துப் போய்க்கொண்டிருந்தேன். ஹைவேயில் பறக்கும்போது ஒரு குறையும் தெரியாது. எல்லையில் கம்பெனி பஸ்களுக்கு நடுவே நின்று நின்று ஊரும்போதுதான் இன்ஜின் நடுங்கத் தொடங்கும். பச்சைப் பெட்ரோல் வாடை வண்டிக்குள் ஏறும். கீமோ உடம்புக்குத் தாளிக்கிற வாசனையே ஆகாது, இது எப்படி ஆகும்? பாலிதீன் பையை வாயருகே பிடித்தபடி அவள் கண்களை மூடிக்கொள்வாள். நான் பெட்ரோல் பங்குக்காரர்களைத் திட்டித் தீர்ப்பேன்.

ஒரு நாள் வீடு திரும்பியதும் சொன்னாள்: "ஏங்க, இனிமே நான் வரலீங்க. அந்த நாத்தம் தாங்க முடியல."

"டாக்சியில போவலாம்."

"வாந்தி எடுத்தா டாக்சிக்காரன் மூஞ்சியச் சுளிப்பான். வாணாங்க."

கீமோவை நடுவில் நிறுத்தினால் என்ன ஆகும் என்று டாக்டர் எங்கள் இரண்டு பேரிடமும் ஒளிக்காமல் சொல்லியிருந்தார். சரி, வாடைதானே தடை, அதை ஒழித்துக்கட்டுகிறேன் என்று ஞாயிற்றுக்கிழமை வீட்டு வாசலிலேயே வேலையில் இறங்கினேன்.

முதலில் டேங்கில் இருந்ததை மொத்தமாக வடித்துவிட்டு நம் ஊர்ப் பெட்ரோலை ஊற்றினேன். நடுக்கம் அப்படியே இருந்தது. அடுத்தவன் வண்டியாக இருந்தால் எடுத்த எடுப்பிலேயே செய்திருக்கும் வேலையை அப்புறம்தான் செய்தேன். நான்கு ஸ்பார்க் பிளக்கையும் கழற்றி, எது எந்த சிலிண்டருடையது என்பது மாறாமல் செய்தித்தாளில் வரிசையாக வைத்தேன். மூன்றில் கரி அப்பியிருந்தது. ஒன்று மட்டும் வெளுத்திருந்தது.

வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தவள் எட்டிப் பார்த்தாள். "இது மட்டும் ஏன் இப்படி வெளுத்துக் கெடக்குது?"

"அந்த சிலிண்டருக்குள்ள எங்கியோ வெளிக்காத்து பூருது. காத்துக்கு ஏத்த பெட்ரோல் இல்ல. புகை போற வழியில இருக்கிற சென்சாருக்கு எந்த சிலிண்டர்னு தெரியாது, பத்தலன்னு மட்டும் சொல்லும். உடனே கம்ப்யூட்டரு நாலுக்கும் சேத்து அதிகமா ஊத்திடுது. அந்த மூணுல வேவாத பெட்ரோல்தான் நாறுது."

"நல்லா இருந்ததும் சேந்து கெட்டுப்போவுது. எனக்கு மருந்து ஏத்துற கதைதான்."

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

பிளக்குகளைத் துடைத்து மாட்டி, இன்ஜினை ஓடவிட்டு, காற்றுக் குழாய் இன்ஜினோடு சேரும் இடமெல்லாம் கிளீனர் ஸ்ப்ரேயைக் கொஞ்சம் கொஞ்சமாக அடித்துக்கொண்டே வந்தேன். வெளுத்த பிளக் இருந்த சிலிண்டர் பக்கம் அடித்ததும் அது உள்ளே இழுபட்டு எரிந்து, நடுக்கம் சட்டென்று அடங்கி, மறுபடியும் வந்தது. அங்கே இணைப்பில் காற்றுப் புகாமல் அடைக்கும் கேஸ்கட் வெடித்திருந்தது. வேகமாகப் போகும்போது அந்த வெடிப்பில் நுழையும் காற்று ஒரு பொருட்டே இல்லை. நிற்கும்போதுதான் வேலையைக் காட்டும். இதெல்லாம் தெரிந்த நான், ஹைவேயில் ஓட்டிப் பார்த்து வண்டி நன்றாக இருக்கிறது என்று திரும்பி வந்தவன். என்னை என்ன சொல்ல!

சாயங்காலத்துக்குள் புது கேஸ்கட் போட்டுவிட்டேன். இன்ஜின் ஓடுகிறதா என்று காது வைத்துக் கேட்க வேண்டியிருந்தது. பெருமை தாங்காமல் அவளைக் கூப்பிட்டு முன் சீட்டில் உட்கார வைத்தேன்.

"நாத்தம் இருக்குதா பாரு."

"சுத்தமா இல்லீங்க."

"அப்ப வெள்ளிக்கிழம போவலாம்ல?"

கிரீஸ் படிந்த என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நாத்தம்னு சொன்னா நீங்க விட்ருவீங்கன்னு நெனச்சேன். இனிமே சொல்றதுக்கு ஒண்ணுமில்ல. என் உடம்பு தாங்கலீங்க. இத்தோட போதும்."

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. கத்தினேன். பிறகு கெஞ்சினேன். அவள் அசையவில்லை, கையையும் விடவில்லை. அந்த வெள்ளிக்கிழமை நாங்கள் பெங்களூர் போகவில்லை. அதன் பிறகும் போகவில்லை. அவள் போன பிறகும் அந்தக் காரைத்தான் ஓட்டுகிறேன். அதைச் சரிசெய்திருக்கவே கூடாது என்று இன்றைக்கும் தோன்றுகிறது. வாடை இருந்தவரைக்கும், அது போய்விட்டால் அவள் வந்துவிடுவாள் என்று நம்பிக்கொண்டாவது இருந்தேன்.