மூன்று மணிக்குத் துடித்த மலை

எத்தெல்வீனாவுக்கு எதையும் அப்படியே விட்டுவிட வராது. மலை புகைந்தால் ஊரே வானத்தைப் பார்க்கும். அவள் கூரையில் வைத்த பிளாஸ்டிக் தட்டைப் பார்ப்பாள், எவ்வளவு சாம்பல் விழுந்தது என்று. எரிமலை ஆய்வகம் கண்காணிக்க ஆள் கேட்டபோது, உருளைக்கிழங்குத் தோட்டத்திலிருந்து முதலில் கை தூக்கியவள் அவள்தான். சம்பளம் கிடையாது. இடுப்பில் ஒரு வயர்லெஸ், அவ்வளவுதான். பக்கத்து வீட்டுக்காரனாகப் பிறந்த பாவத்துக்கு அதன் கரகரப்பை ஒன்பது வருடமாக நானும் கேட்கிறேன்.

அவள் தம்பி அபெலார்தோவின் மேய்ச்சல் நிலத்தில் ஆய்வகத்தார் ஓர் அதிர்வுக் கருவியைப் புதைத்து, பக்கத்தில் கம்பம் நட்டிருந்தார்கள். மேலே குவிந்த சாம்பலில் மழை பெய்தால் சேறும் பாறையுமாக ஓடை வழியே இறங்கும். அதை முன்கூட்டியே சொல்லத்தான் அந்தக் கருவி. ஆனால் அது தினமும் மூன்று மணிக்குத் துடித்தது. மலைக்கு ஏது கடிகாரம் என்று இன்ஜினியர் பத்ரிசியோ மண்டையை உடைத்துக்கொண்டார். எத்தெல்வீனா மூன்று நாள் புதருக்குள் உட்கார்ந்து கண்டுபிடித்தாள். பால் கறந்து அவிழ்த்துவிட்டதும், கனேலா என்கிற பழுப்பு மாடு நேரே போய்க் கம்பத்தில் முதுகைத் தேய்க்கிறது.

ஆய்வகமே சிரித்தது. எத்தெல்வீனா வேலி போடச் சொன்னதற்கு அபெலார்தோ, "அதுக்கும் அரிக்கும்லக்கா, இருந்துட்டுப் போகட்டும்" என்றான். அவளும் விட்டுவிட்டாள், கண்டுபிடித்த பெருமை வேறு. அதன்பின் மூன்று மணித் துடிப்பை யாரும் சட்டை செய்யவில்லை.

ஏப்ரலில் ஒரு நாள் கனேலாவுக்குப் பிரசவ வலி. எத்தெல்வீனாவின் முற்றத்தில் அவளும் நானும் மாட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தோம். மற்ற மாடுகளின் பாலைக் கழுதைமேல் ஏற்றிக்கொண்டு, அக்கரையில் நிற்கும் பால் லாரியைப் பிடிக்க அபெலார்தோ ஓடைக்குள் இறங்கியிருந்தான். இங்கே நல்ல வெயில். உச்சியை மட்டும் கறுத்த மேகம் மூடியிருந்தது.

வயர்லெஸ்ஸில் பத்ரிசியோ வந்தார். "எத்தெல்வீனாம்மா, உங்க மாடு இன்னிக்கு ரொம்ப ஆவேசமா தேய்க்குதே. கருவியையே பிடுங்கிடும் போல."

"எந்த மாடு?"

"வேற எது, கனேலாதான். மணி மூணு ஆச்சுல்ல."

அவள் உச்சியை நிமிர்ந்து பார்த்தாள். "கனேலா இங்க என் முன்னாடி கெடக்குது. சைரனை அடிங்க. என் தம்பி ஓடைக்குள்ள இருக்கான்."

"நல்லாப் பாத்தீங்களா?"

"கன்னுக்குட்டி காலு என் கையில இருக்குதய்யா. அடிங்க."

சைரன் அலறியது. கன்றை என் கையில் விட்டுவிட்டு அவள் கரையை நோக்கி ஓடினாள். நான் இழுத்துக்கொண்டிருந்தேன். ஓடையில் பாறைகள் முட்டிக்கொள்ளும் சத்தம் வீட்டைக் குலுக்கியது.

கன்று எழுந்து நிற்கும் நேரத்தில் இருவரும் வந்தார்கள். அபெலார்தோ இடுப்புவரை சேறு. பால் கேன்கள் போயின, கழுதை பிழைத்தது.

"பொட்டையா, காளையா?" என்று கேட்டான்.

"அது மாடுதான்னு அவங்களுக்குச் சொன்னவளே நான்தானே" என்றாள் எத்தெல்வீனா, யாரையும் பார்க்காமல். பிறகு முள்கம்பிச் சுருளைத் தோளில் போட்டுக்கொண்டு மேய்ச்சல் நிலத்துக்கு ஏறினாள். இருட்டுவதற்குள் கம்பத்தைச் சுற்றி வேலி எழுந்தது.

இப்போது மூன்று மணிக்குக் கருவி சும்மா கிடக்கிறது. அவள்தான் சும்மா இருப்பதில்லை. தினமும் அந்த நேரத்துக்கு வயர்லெஸ்ஸை எடுத்து, "ஒண்ணுமில்லையே?" என்கிறாள்.

"ஒண்ணுமில்லம்மா."

"நல்லாப் பாத்தீங்களா?"