சொந்தக்காரப் பிள்ளைக்கு ஒரு சுடிதார்

நாங்கள் பாம்பனில் இருக்கிறோம். போன கோடை விடுமுறையில், ராமநாதபுரத்தில் வேலைக்குப் போகும் என் நாத்தனார், தன் இரண்டு வயதுக் குழந்தையைப் பார்த்துக்கொள்ள பிளஸ் ஒன் முடித்திருந்த என் மகளைக் கேட்டாள். சம்பளப் பேச்சை எடுத்தேன்.

"சொந்தத்துக்குள்ள என்ன அண்ணி கணக்கு, பாத்துச் செய்றேன்" என்றாள். நானும் விட்டுவிட்டேன்.

விடுமுறை முழுக்கக் குழந்தையைக் குளிப்பாட்டி, சோறூட்டி, தூங்க வைத்தது என் மகள்தான். வரும் பணத்தில் டைப்ரைட்டிங் வகுப்பில் சேர நினைத்திருந்தாள். திரும்பி வந்தபோது கையில் ஒரு சுடிதார்தான் இருந்தது. நாத்தனார் தனக்கு எடுத்து, அளவு சேராமல் போட்டு வைத்திருந்தது.

பள்ளி திறந்ததும் அதே வேலைக்கு வேறொரு பெண்ணை மாதம் எட்டாயிரத்துக்கு வைத்தாள். ஞாயிற்றுக்கிழமை லீவும் உண்டு. எங்களுக்கு மட்டும் ஏன் சுடிதார் என்று கேட்டேன்.

"அவ அந்நியம்ல அண்ணி, குடுக்காட்டி வருவாளா?"

இப்போதெல்லாம் மகளை யார் கூப்பிட்டாலும் சம்பளம் பேசாமல் அனுப்புவதில்லை. இந்தக் கோடையில் நாத்தனார் மறுபடி போன் செய்தாள். "எட்டாயிரம், ஞாயித்துக்கிழமை லீவு" என்றேன்.

"என்ன அண்ணி, அந்நியம் மாதிரி பேசுறீக?"

"அந்நியத்துக்குத்தானம்மா நீ சம்பளம் குடுக்குற. எம் மகளையும் அப்படியே வச்சுக்க" என்றேன்.