எங்கள் டிவி கோர்ட்டுக்குப் போன நாள்

எங்கள் வீட்டு டிவி ஒருமுறை கோர்ட்டுக்குப் போயிருக்கிறது. தஞ்சாவூரில் நாங்கள் குடியிருந்த தெருவில் வேறு யார் வீட்டு டிவிக்கும் அந்தப் பெருமை கிடையாது. லோடு ஆட்டோவில் இரண்டு தலையணைகளுக்கு நடுவே அதை உட்கார வைத்து, அப்பா பக்கத்திலேயே குந்திக்கொண்டார். அதற்காக அலுவலகத்துக்கு லீவு போட்டிருந்தார். எனக்குக் காலாண்டு விடுமுறை. டிவி இல்லாத வீட்டில் என்னை வைத்துச் சமாளிக்க முடியாது என்று அம்மா என்னையும் ஏற்றிவிட்டார்.

டிவியைக் கேட்டது அத்தை. அப்பாவின் தங்கை, கல்யாணம் செய்துகொள்ளாமல் எங்களோடு இருந்தவர், வக்கீல். அவரைத் தேடி வருகிறவர்களை வீட்டில் கட்சிக்காரர்கள் என்பார்கள். எந்தக் கட்சி என்று நான் வெகுநாள் குழம்பியிருக்கிறேன். அந்த வருஷம் அடிக்கடி வந்துபோன ஒரு கட்சிக்காரம்மாவின் சேலைக் கரையில் ஏதாவது கொடியின் நிறம் தெரிகிறதா என்றுகூடப் பார்த்திருக்கிறேன்.

அந்த அம்மாவுக்குத் திருக்காட்டுப்பள்ளிப் பக்கம் ஊர். ஒரு வாய்க்காலின் கடைசியில் கொஞ்சம் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துச் சம்பா நட்டிருந்தார். மேல் வயல்காரர் வாய்க்காலில் மணல் மூட்டைகளை அடுக்கித் தண்ணீர் முழுவதையும் தன் பக்கம் திருப்பிவிட, கதிர் வாங்கும் நேரத்தில் பயிர் காய்ந்துபோனது. அதுதான் வழக்கு. கோர்ட்டிலிருந்து ஆள் வந்து பார்ப்பதற்குள் மூட்டைகள் காணாமல் போய்விட்டன. மூட்டை என்று ஒன்று இருந்ததே இல்லை, அந்த அம்மாதான் பயிரைப் பார்க்காமல் விட்டுவிட்டார் என்றது எதிர்த் தரப்பு. இப்போது அடுத்த சம்பாவுக்கு நாற்று தயாராக இருந்தது. வாய்க்காலை அடைக்கக் கூடாது என்று கோர்ட் சொல்லாவிட்டால் அந்த அம்மா நிலத்தை விட்டுவிட வேண்டியதுதான்.

ஆனால் அத்தை மூட்டைகளைப் பார்த்திருந்தார். வழக்குப் போடுவதற்கு முன்பு இடத்தைப் பார்க்கப் போனபோது, மாமா சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்து கொடுத்த வீடியோ கேமராவை எடுத்துக்கொண்டு போய், எல்லாவற்றையும் படம் பிடித்து வைத்திருந்தார். அதைப் போட்டுக் காட்டத்தான் எங்கள் டிவி.

அந்தக் கோர்ட்டில் அதுவரை யாரும் டிவி கொண்டுவந்ததில்லை. பக்கத்து அறையிலிருந்து வயர் இழுத்துக் கரண்ட் கொடுத்தார்கள். டிவிக்கு உயிர் வந்ததும் முதலில் தெரிந்தது நான்தான். பள்ளி மாறுவேடப் போட்டியில் கத்தரிக்காயாக நின்றுகொண்டிருந்தேன். பழைய டேப்பின் மேலேயே அத்தை பதிவு செய்திருந்தார். ஆரம்பத்தில் கொஞ்சம் அழியாமல் தங்கிவிட்டது. கோர்ட்டே சிரித்தது. நீதிபதி மட்டும் சிரிக்காமல், "இது எந்த சர்வே நம்பர்?" என்று கேட்டார். நான் அப்பாவின் முதுகுக்குப் பின்னால் போய்விட்டேன்.

அதற்குப் பிறகு வாய்க்கால் வந்தது. மூட்டைகள் வந்தன. ஒரு பக்கம் தண்ணீர் பளபளத்துக்கொண்டிருக்க, மறுபக்கம் தரை பாளம் பாளமாக வெடித்திருந்தது. கட்சிக்காரம்மா அதன் நடுவில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "இன்னும் கொஞ்சம் தள்ளி நில்லுங்கக்கா, மூட்டை மறைக்குது" என்று டிவியிலிருந்து ஒரு குரல் சொன்னது.

எதிர்த் தரப்பு வக்கீல் எழுந்தார். வெள்ளை முடியும் தணிந்த குரலும் உள்ளவர். அத்தை தொழில் பழகியது அவரிடம்தான். "படத்தைப் பத்தி நான் ஒண்ணும் சொல்லலைங்க. அந்தக் குரல் யாரோடதுன்னு மட்டும் கோர்ட் கவனிக்கணும்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

அது யாருடைய குரல் என்று எனக்கே தெரிந்தது. அதில் என்ன தப்பு என்றுதான் தெரியவில்லை. படம் எடுத்தவர் வந்து சத்தியம் செய்து சொன்னால்தான் படம் செல்லும். ஒரு வழக்கை நடத்துகிற வக்கீல் அதே வழக்கில் சாட்சி சொல்லக் கூடாது. இது பின்னாளில் எனக்குச் சொல்லப்பட்டது. அன்று, எல்லாரும் சாப்பாட்டுக்குக் கலைந்தபோது வராந்தாவில் அந்த வெள்ளை முடிக்காரர் அத்தையிடம் வந்தது மட்டும் நினைவிருக்கிறது.

"டேப்பை விட்டுடும்மா. இருக்கிற சாட்சியை வச்சு நடத்து. வளர்ற நேரத்துல பாதிக் கேஸ்ல எறங்கிக்கிட்டேன்னு பேர் வாங்காதே."

"டேப் இல்லேன்னா கேஸே இல்லைங்க சார்."

"அதுவும் எனக்குத் தெரியும்" என்றார் அவர். கோபமாகச் சொல்லவில்லை.

அத்தை கட்சிக்காரம்மாவிடம் போனார். "அக்கா, நான் வக்கீலா இருக்கலாம், இல்லேன்னா சாட்சியா இருக்கலாம். ரெண்டும் முடியாது. நான் எறங்கிக்கிட்டா உங்களுக்கு வேற வக்கீல் பார்க்கணும்."

அந்த அம்மா ரொம்ப நேரம் யோசிக்கவில்லை. "மூட்டையை நீங்க பார்த்தீங்கல்ல?"

"பார்த்தேன்."

"அதைச் சொல்லுங்க."

மதியம் அத்தை வக்காலத்தை விட்டார். கூடப் படித்த தோழி ஒருவர் அந்த இடத்துக்கு வந்தார். சாட்சியை அன்றைக்கே விசாரிக்க எதிர்த் தரப்பும் ஆட்சேபிக்கவில்லை. இன்னொரு நாள் டிவியைத் தருகிற மாதிரி அப்பாவின் முகமும் இல்லை. அத்தை கறுப்புக் கவுனையும் கழுத்துப் பட்டையையும் கழற்றி, சாதாரணச் சேலையோடு கூண்டில் ஏறினார். சினிமாக்களில் கூண்டில் ஏற்றுவது யாரை என்று எனக்குத் தெரியும்.

"அத்தை என்னப்பா தப்பு பண்ணுனாங்க?"

"தப்பு இல்லடி. சாட்சி."

இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று எனக்குத் தெரியவில்லை. நான் அழ ஆரம்பித்தேன். சத்தம் போட்டால் வெளியே அனுப்பிவிடுவார்கள் என்று என் வாயை அவர் கையால் பொத்தினார். அந்தக் கைக்கு மேலாகத்தான் மற்றதைப் பார்த்தேன்.

வெள்ளை முடிக்காரர் கேட்டார். "இந்தக் கேஸ்ல ஜெயிக்கணும்னு உங்களுக்கு ஆசை இருந்துச்சா?"

"இருந்துச்சுங்க."

"படத்து மூலையில ஒரு தேதி தெரியுது. அதை யார் வேணும்னாலும் மாத்திக்கலாம் இல்லையா?"

"மாத்தலாங்க. கேமராவை யாரும் குறுக்கு விசாரணை பண்ண முடியாது. அதனாலதான் நான் வந்து நிக்கிறேன். என்னைக் கேளுங்க."

அவர் ஒரு நொடி தன் பழைய ஜூனியரைப் பார்த்தார். பிறகு கேட்டார்; ரொம்ப நேரம் கேட்டார். எந்தப் பஸ்ஸில் போனீர்கள், வெயில் எந்தப் பக்கம் இருந்தது, மூட்டை என்ன நிறம், அதை அடுக்கியவரைக் கண்ணால் பார்த்தீர்களா. கடைசிக் கேள்விக்கு அத்தை இல்லை என்று சொன்னார். பொய்யாக யாரையாவது பார்த்தேன் என்று சொல்லியிருந்தால், அடுத்த கேள்வியில் மாட்டி அங்கேயே எல்லாம் முடிந்திருக்கும் என்று அத்தை எங்களிடம் சொன்னது பல வருஷம் கழித்து.

தீர்ப்பு அந்த அம்மாவின் பக்கம் வந்தது, நாற்று முற்றிப்போவதற்குள். அத்தைக்கு ஒரு பெயரும் வந்தது, சீனியர் சொன்ன மாதிரியே. பாதியில் இறங்கிவிடுகிற வக்கீல் என்று பேசிக்கொண்டார்கள். வீட்டுக்கு வரும் கட்சிக்காரர்கள் குறைந்தார்கள். அடுத்த வருஷம் அவர் திருச்சியில் சட்டக் கல்லூரிக்குப் பாடம் நடத்தப் போய்விட்டார். சாட்சியச் சட்டம்தான் அவர் பாடம். கோர்ட்டுகளுக்குக் கேமராவும் திரையும் வரத் தொடங்கியபோது, எங்கே எதை வைப்பது என்று யோசனை கேட்க அவரைத்தான் கூப்பிட்டார்கள். போன இடத்திலெல்லாம், படத்தைக் கொண்டுவருகிறவர் எங்கே நிற்பார் என்றுதான் முதலில் கேட்பாராம். அவர் மாணவி ஒருத்தி சொன்னாள். ஓய்வு பெற்ற பிறகும் அந்த வேலையாக ஊர் ஊராகப் போய்க்கொண்டிருக்கிறார்.

டிவி கோர்ட்டுக்குப் போன அன்று சாயங்காலம் எல்லாரும் ஒரே லோடு ஆட்டோவில் திரும்பினோம். பழைய பஸ் ஸ்டாண்டில் கட்சிக்காரம்மா இறங்கினார். இறங்கியவர் போகாமல் வண்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"இனிமே நீங்க என் வக்கீல் இல்லைல்ல?"

"இல்லக்கா."

"அப்ப ஒருநாள் வீட்டுக்குச் சாப்பிட வாங்க. கேஸ் நடக்கையில வக்கீலைக் கூப்பிட்டா தப்பாயிடுமோன்னு இத்தனை நாளா கூப்பிடாம இருந்தேன்."

அத்தை சரி என்று தலையாட்டினார். வண்டி கிளம்பியதும் முந்தானையை முகத்தில் வைத்துக்கொண்டு அழுதார். அப்பா தெருவைப் பார்த்துக்கொண்டு வந்தார். கூண்டில் ஏறியபோதும், வெள்ளை முடிக்காரர் அத்தனை கேள்வி கேட்டபோதும் அழாதவர், சாப்பிட வாங்க என்று சொன்னதற்கு எதற்காக அழ வேண்டும் என்று நான் வீடு வரும்வரை யோசித்தேன். அந்த அம்மாவின் சமையல் நன்றாக இருக்காது போலும் என்று முடிவு செய்துகொண்டேன்.