ரஜப் பயில்வானின் மூக்கும் காதும்

ரஜப்அலியை யாரும் ரஜப்அலி என்று கூப்பிட்டு வெகுகாலம் ஆகிறது. பயில்வான் என்றுதான் கூப்பிடுவார்கள். வட ஈரானில், எங்கள் ஜூய்பாரிலிருந்து சாரி நகரத்துக்குப் போகும் ஷேர் டாக்சி வரிசையில் அவனுடைய மஞ்சள் வண்டியும் நிற்கும். உள்ளே எட்டிப் பார்த்தால் பயில்வான் ஸ்டியரிங்மேல் கவிழ்ந்து, வாயைப் பிளந்து, தூங்கிக்கொண்டிருப்பான். காலையில் போனாலும் அப்படித்தான், மத்தியானம் போனாலும் அப்படித்தான். ஆள் சேர்ந்ததும் பின்வண்டிக்கார யதுல்லா வந்து பானெட்டைத் தட்டுவான்.

"எழுந்திரு பயில்வான், வண்டி நிறைஞ்சு போச்சு! சாரிக்குப் போய் தூங்கிக்கோ!"

ரஜப் முகத்தைக் கையால் வழித்துத் துடைத்துக்கொண்டு, ஃப்ளாஸ்க்கில் இருக்கும் கறுப்புத் தேநீரை ஒரு வாய் ஊற்றிக்கொண்டு வண்டியை எடுப்பான். ஆளைப் பார்த்தால் கல் சுமந்துவிட்டு வந்தவன் மாதிரி இருப்பான்.

சோம்பேறி என்று நினைத்துவிடாதீர்கள். எனக்குக் கோபம் வரும். படுக்கையில் கிடக்கிற நேரத்துக்கு அவனுக்குக் குறைவே இல்லை, தூக்கம்தான் கிடையாது. மூக்கு அடைப்பு. சளி பிடித்தால் வருமே, அந்த அடைப்பு இல்லை. பதினேழு வயதில் உடைந்த மூக்கு அது.

எங்கள் ஊர்ப் பக்கம் ஆண்பிள்ளை நடக்கப் பழகியதும் அடுத்துப் பழகுவது மல்யுத்தம். நெல் வயலில் நாற்றுக்கட்டு தூக்கினவன் சாயங்காலம் மெத்தையில் ஆளைத் தூக்குவான். ரஜபும் போனான். ஒருநாள் எதிராளியின் மண்டை அவன் மூக்கில் வந்து மோதியது. மளுக்கென்று சத்தம் கேட்டதாம். மாஸ்டர் இரண்டு துவாரத்திலும் பஞ்சைத் திணித்து, "மூக்குதானேடா, மூச்சு வாயால விடு" என்று மறுபடியும் உள்ளே தள்ளிவிட்டார். அதற்கப்புறமும் அது பலமுறை அடிபட்டது. மூக்குக்காக டாக்டரிடம் போகிற பழக்கம் அன்றைக்கு யாருக்கும் இல்லை. மூக்கு உடைந்தவனை எவனும் மதிப்பதும் இல்லை.

காது அப்படியா? மெத்தையில் தேய்ந்து தேய்ந்து காதுக்குள் ரத்தம் கட்டும். ஊசி போட்டு உறிஞ்சி எடுத்துவிட்டால் காது பழையபடி ஆகிவிடும். எடுக்காமல் விட்டால் இறுகி, சுருண்டு, பூரணம் வைத்துக் கிள்ளிப் போட்ட கொழுக்கட்டை மாதிரி ஆகி, சாகிறவரைக்கும் அப்படியே நிற்கும். ரஜபின் இடது காதில் ரத்தம் கட்டியபோது மாஸ்டர் ஊசியோடு வந்தார். இவன் பின்வாசல் வழியாக ஓடியே போய்விட்டான்! அப்படி ஒரு காதுக்காகத்தான் எங்கள் ஊர்ப் பையன்கள் தவம் கிடப்பார்கள். இடது காது மெத்தையிலேயே உடைந்து பெருமையாக வந்துவிட்டது. வலது காது மட்டும் என்ன பாடுபட்டும் உடையவில்லை. ஒரு காது சப்பை, ஒரு காது கொழுக்கட்டை என்றால் நன்றாகவா இருக்கும்? துண்டைச் சுற்றி, செருப்பால் அவனே அடித்து அடித்து அதையும் உடைத்துக்கொண்டான். சிரிக்காதீர்கள். அப்படிச் செய்தவன் எங்கள் ஊரில் அவன் ஒருத்தன் மட்டும் இல்லை.

மாகாணப் போட்டிக்குப் போனான். முதல் சுற்றிலேயே ஒரு ஆமோல் ஊர்க்காரன் அவனைப் புரட்டிப் போட்டுவிட்டான். அதோடு மல்யுத்தம் முடிந்தது. காது மட்டும் மிஞ்சியது.

அந்தக் காது போதுமானதாக இருந்தது. பெண் கேட்கப் போனபோது ஷம்சியின் அப்பா இவன் வேலையைக் கேட்கவில்லை, வீட்டைக் கேட்கவில்லை. காதைப் பார்த்தார், தேநீர் கொண்டுவரச் சொல்லிவிட்டார். ரொட்டிக் கடையில் வரிசையில் நின்றால், "பயில்வானை நிக்க வெக்காதீங்கப்பா" என்று யாராவது முன்னால் அனுப்புவார்கள். வண்டியில் ஏறுகிறவர்கள் மரியாதையாகப் பேசுவார்கள்.

மூக்கு செய்த கெடுதலெல்லாம் வீட்டுக்குள்ளேயே நின்றது. சோறு அடிப்பிடித்துக் கரிந்தாலும் இவனுக்குத் தெரியாது. குறட்டையில் ஜன்னல் கண்ணாடி அதிரும். ஷம்சி ஒருகாலத்தில் மெத்தையைச் சுருட்டிக்கொண்டு அடுத்த அறைக்குப் போனாள். போனவள் தானாகவே திரும்பி வந்துவிட்டாள். குறட்டையைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், அது நடுவில் நின்று போகிறதே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை என்றாள். மூச்சு நின்றால் இவள் பிடித்து உலுக்க வேண்டும். அவன் திணறி எழுந்து மறுபடி சாய்வான். விடிந்ததும் அவள் ஆரஞ்சுக் கிட்டங்கியில் பழம் பொறுக்கப் போவாள், இவன் டாக்சிக்குப் போவான். இரண்டு பேர் முகத்திலும் ஒரே களைப்பு.

போன அறுப்பு முடிந்த சமயம், சாரி சாலையில், ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே கண் அசந்துவிட்டான். வண்டி சாலையை விட்டு இறங்கி அறுத்த வயலுக்குள் போய் நின்றது. பின்னால் இருந்த ரிட்டயர்ட் டீச்சரம்மாவுக்கு மணிக்கட்டு சுளுக்கிக்கொண்டது. அந்த அம்மா என்ன சொன்னார் தெரியுமா? "பாவம், பயில்வானுக்கு என்ன அசதியோ!" மற்றவர்கள் இறங்கி வண்டியைத் தள்ளிக் கொடுத்தார்கள். ரோந்து போலீஸ்காரர் வந்தார், ஜன்னலில் குனிந்தார், காதைப் பார்த்தார், "ஒண்ணும் ஆகலையே, நல்லவேளை" என்று போய்விட்டார்.

ஷம்சிக்கு இது தெரிந்ததும் கையிலிருந்த கரண்டியை அப்படியே போட்டுவிட்டாள்.

"ஏ மனுஷா, ஊரே உன் காதைப் பாத்து மன்னிக்குது. நீ ஒரு ஆளைக் கொல்றவரைக்கும் மன்னிச்சுக்கிட்டே இருப்பாங்க. அப்புறம்?"

"ஒருநாள் அசந்துட்டேன். அதுக்குப் போய்..."

"ஒருநாளா? நீ தினம் அசந்துதான் இருக்கே. கிளம்பு, டாக்டர்கிட்ட போகலாம்."

சாரியில் டாக்டர் ஃபொரூசான் என்ற பெண் டாக்டர். மூக்கு, காது, தொண்டைக்குப் பேர்போனவர். காத்திருக்கும் கூடத்தில் பார்த்தால் பூராவும் இளம்பெண்கள். பாதிப் பேர் மூக்கில் பிளாஸ்திரி. அதைப் பதக்கம் மாதிரி நிமிர்த்திக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மீதிப் பேர் அதைப் பார்த்துப் பொறாமைப்பட்டுக்கொண்டிருந்தார்கள். நடுவில் இவன், மலை மாதிரி.

"சித்தப்பா, நீங்களும் மூக்கைச் சின்னதாக்கவா வந்தீங்க?" என்று ஒருத்தி கேட்டாள்.

"இவருக்கு அழகு ஏற்கெனவே ஜாஸ்தி, குறைக்க வந்திருக்கோம்" என்றாள் ஷம்சி. கூடமே சிரித்தது. ரஜபும் சிரித்தான், சிரித்தபடியே தூங்கிப்போனான்.

டாக்டர் உள்ளே விளக்கு அடித்துப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"நடுச்சுவர் நொறுங்கிக் கிடக்கு. ஒரு பக்கம் காத்தே போகலை. இன்னொரு பக்கம் நீங்க மூச்சை இழுக்கும்போது சுவர் சரிஞ்சு தானே மூடிக்குது. இத்தனை வருஷமா வாயாலயே ஓட்டிட்டீங்க. காத்தைச் சூடாக்கி, ஈரமாக்கி, தூசியைத் தடுத்து உள்ளே அனுப்பறது மூக்கோட வேலை. அதை வாய் செய்யாது."

"தூக்கம், டாக்டர்?" என்றாள் ஷம்சி.

"மூச்சு நின்னு நின்னு வந்தா எங்கே தூங்கறது? எடையும் குறைக்கணும், கழுத்துச் சதையும் ஒரு காரணம். ஆனா முதல்ல மூக்கைத் திறக்கணும். உள்ளே முட்டுக் குடுக்க அங்கே நல்ல குருத்தெலும்பே மிச்சமில்லை. வேற இடத்துல இருந்து எடுக்கணும்."

"எங்கேருந்து?" என்றான் ரஜப்.

"காதுல இருந்து."

ரஜபின் கை தானாகக் காதுக்குப் போயிற்று.

"உங்க காது பருத்துப் போயிருக்கே, அந்தப் பருமனைச் செதுக்கி நல்ல பகுதியை எடுத்துக்குவேன். ஒரு காது போதும். அது சாதாரணக் காது மாதிரி ஆயிடும். பாக்க அழகாவே இருக்கும்."

"என் காதுல இருந்து எடுங்க டாக்டர்" என்றாள் ஷம்சி. "எடுத்து இவருக்கு வெச்சுடுங்க. எனக்கு எதுக்கு ரெண்டு?"

டாக்டர் சிரித்துவிட்டார். "உங்களோடது இவருக்கு ஒட்டாதும்மா. விலாவுல இருந்து எடுக்கலாம். ஆனா இவரோட மூச்சு இருக்கிற லட்சணத்துல நெஞ்சைத் தொட எனக்குப் பயமா இருக்கு."

ரஜப் எழுந்துவிட்டான். "யோசிச்சுச் சொல்றேன் டாக்டர்."

யோசித்தான் என்றா நினைக்கிறீர்கள்? யோசிக்கவே இல்லை. ஸ்டாண்டில் யதுல்லாவிடம் சொல்ல, அவன், "காதை வெட்டிக்கிட்டு மூக்குல பிளாஸ்திரியோட வந்து நில்லு, உனக்கு மாப்பிள்ளை பாக்கறோம்" என்று கேலி செய்தான். அதோடு பேச்சு முடிந்தது. மறுநாளும் அதே வரிசை, அதே ஸ்டியரிங், அதே தூக்கம்.

வாரக் கடைசியில் ஷம்சியின் அக்காவைப் பார்த்துவிட்டு இரண்டு பேரும் சாரியிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தார்கள். ஷம்சி முன்சீட்டில் உட்கார்ந்து ஓயாமல் பேசிக்கொண்டே வந்தாள். பேச்சை நிறுத்தினால் இவன் அசந்துவிடுவான் என்று அவளுக்குத் தெரியும். ஆனால் அவளும் மனுஷிதானே, வருஷக்கணக்கில் தூங்காதவள். ஒரு நிமிஷம் கண்ணை மூடிவிட்டாள். திறந்தபோது வண்டி எதிர்ப்பக்கம் போய்க்கொண்டிருந்தது. எதிரே ஒரு மோட்டார் சைக்கிள்.

"யா அபுல்ஃபஸ்ல்!" என்று அலறியபடி ஸ்டியரிங்கைப் பிடித்து இழுத்தாள்.

மோட்டார் சைக்கிள் வாய்க்கால் ஓரமாகச் சரிந்து விழுந்தது. ஓட்டிவந்த இளைஞன் எழுந்தான். அவன் முன்னால் உட்கார்ந்திருந்த சின்னப் பெண் புல்லில் கிடந்து வீறிட்டாள். முழங்கை சிராய்ப்பு, அவ்வளவுதான். கடவுள் காப்பாற்றினார். அவன் குழந்தையை நிறுத்திவிட்டு, கல் ஒன்றைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தான்.

"அடப்பாவி, கண்ணு என்ன பொடனியிலயா..." என்றவன் ஜன்னலுக்கு வந்ததும் நின்றான். கல் கீழே விழுந்தது. "மன்னிச்சுக்கோங்க பயில்வான். நீங்கன்னு தெரியலை. நான்தான் இன்னும் ஓரமா வந்திருக்கணும்."

குழந்தை இன்னும் அழுதுகொண்டிருந்தது.

ரோந்து வண்டி வந்து நின்றது. எங்கள் நாட்டு வண்டிகளில் ஓட்டுகிறவன் உட்காருவது இடது பக்கம்; போலீஸ்காரர் இறங்கி வந்து அந்த ஜன்னலில் குனிந்தார். "சலாம் பயில்வான்! களைப்பா இருக்கீங்க போல. ஒரு தேநீர் குடிச்சுட்டுப் போங்க."

ஷம்சி கதவைத் திறந்து இறங்கிப் போய் அவர் எதிரே நின்றாள். "இவரோட லைசென்ஸைப் பிடுங்குங்க."

"என்ன சகோதரி சொல்றீங்க?"

"தூங்கிக்கிட்டே ஓட்டறார். இப்பவும் தூங்கினார். அந்தக் குழந்தை செத்திருக்கும். பிடுங்குங்க, உங்க கால்ல விழறேன்."

போலீஸ்காரர் சங்கடமாகச் சிரித்தார். "பயில்வான்கிட்ட இருந்து நான் எப்படிம்மா பிடுங்கறது? ஊர்ல என்னை என்ன சொல்லுவாங்க?"

ரஜபே லைசென்ஸை எடுத்து ஜன்னல் வழியாக அவரிடம் நீட்டினான். போலீஸ்காரர் அதை இரண்டு கையாலும் அவனிடமே தள்ளி, அவன் தோளைத் தட்டிவிட்டுப் போனார். அப்புறம் ஷம்சி டாக்சி ஸ்டாண்டுக்கு போன் போட்டு யதுல்லாவை வரவழைத்தாள். அவன்தான் வண்டியை வீட்டுக்கு ஓட்டிவந்தான். வழி பூராவும் ரஜப் தன் காதைத் தொடவே இல்லை.

ஆபரேஷனன்று காலையில் டாக்டர் ஃபொரூசான் நீலப் பேனாவோடு வந்தார். கட்டிலில் ரஜப் பச்சை அங்கி போட்டு உட்கார்ந்திருந்தான். முதுகில் நாடா கட்டுவதற்கு எட்டவில்லை. உடம்பு அவ்வளவு பெரியது.

"இடதா, வலதா? எனக்கு ரெண்டும் ஒண்ணுதான்."

ஷம்சி முந்திக்கொண்டாள். "வலது காதை எடுங்க டாக்டர். அது மெத்தையில உடைஞ்சதில்லை, இவரே செருப்பால அடிச்சு உடைச்சுக்கிட்டது. போனாப் போகுது. இடது நெசமானது, அது இருக்கட்டும்."

அவ்வளவு சண்டை போட்டவள், அவனுக்காக அந்த ஒன்றையாவது காப்பாற்றிக் கொடுக்கப் பார்த்தாள்.

"இடது" என்றான் ரஜப்.

"ஏ மனுஷா, உனக்கு மூளை கலங்கிடுச்சா? அதுதானே நீ ஜெயிச்ச..."

"நான் எங்கே ஜெயிச்சேன்? வலது காதை என் பக்கத்துல உக்கார்றவன் மட்டும்தான் பாக்கறான். ஜன்னல்ல குனியறவன் எல்லாம் பாக்கறது இடது காதை." டாக்டர் பக்கம் திரும்பினான். "அதை எடுத்துடுங்க டாக்டர். மூக்கு சரியாகுமோ ஆகாதோ. மறுபடியும் நான் தூங்கி வழிஞ்சா, ஒருத்தனாவது என்னை வண்டியை விட்டு இறக்கணும்."

ஷம்சி முக்காட்டு நுனியால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். டாக்டர் குனிந்து இடது காதுக்குப் பின்னால் கோடு போட ஆரம்பித்தார். போட்டு முடிப்பதற்குள் பயில்வான் உட்கார்ந்தபடியே தூங்கிப்போயிருந்தான்.