பெயர் இல்லாத என்வலப்

அது ஒரு பெரிய பால்மா டின். மூடியின் நடுவில் கத்தியால் கீறிய ஒரு வாய். கீறிய தகரம் கையை வெட்டாமல் இருக்க, அதன் ஓரமெல்லாம் யாரோ காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்டரை ஒட்டியிருந்தார்கள். யாரோ என்ன, நான்தான். கொழும்பு கொட்டாஞ்சேனையில் டொக்டர் நடத்திய டிஸ்பென்சரியில் வெளியே போகும் வழியில், திரைக்கு அந்தப் பக்கம், சுவரில் அடித்த ஒரு பலகையில் அது இருந்தது. டொக்டரிடம் கட்டணம் என்று ஒன்று கிடையாது. மருந்தை என்னிடம் வாங்கிக்கொண்டு, போகிற போக்கில் டின்னில் போடுவதைப் போட்டுவிட்டுப் போகலாம். போடாமலும் போகலாம். யார் போட்டார்கள், யார் போடவில்லை என்பது மேசையில் இருந்த எனக்கும் தெரியாது, மர வாங்கில் உட்கார்ந்து காத்திருந்தவர்களுக்கும் தெரியாது. அதற்காகவே டொக்டர் அந்த இடத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுத்திருந்தார்.

டொக்டர் வெள்ளவத்தைக்காரி. அறுபதைத் தொட்டவர், சின்ன உருவம், பெரிய குரல். தினமும் பஸ்ஸில் வருவார். கார் வாங்கினால் என்ன என்று கேட்டால், பஸ்ஸில்தான் இருமல் காலம் எப்போது தொடங்குகிறது என்று தெரியும் என்பார். தண்ணீர் வாளியை மூடி வைக்காத தாய்மாரைத் திட்டித் தீர்ப்பார். திட்டு வாங்கியவர்கள் அடுத்த முறையும் அவரிடமே வருவார்கள். மாத முடிவில் டின்னைக் கவிழ்த்தால் வாடகை, மருந்துக் கம்பனிப் பில், என் சம்பளம் எல்லாம் எப்படியோ சமாளிக்கப்பட்டுவிடும். எப்படி என்பது இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை. நான் இயல்பிலேயே சந்தேகக்காரி. சனங்கள் ஏமாற்றுவார்கள் என்று முதல் வருடம் முழுவதும் காத்திருந்தேன். ஏமாற்றியவர்களும் இருந்திருப்பார்கள், டின் மட்டும் வெறுமையாக இருந்ததில்லை.

டிஸ்பென்சரிக்குப் பின்னால் ஒரு லேன். அதன் ஓரத்தில் ஓடும் கழிவுநீர்க் கான் பல வருடமாக அடைத்துக் கிடந்தது. மழை பெய்தால் கறுப்புத் தண்ணீர் வீடுகளுக்குள் வரும், வடிந்து ஒரு கிழமையில் எங்கள் வாங்கு டெங்குக் காய்ச்சலால் நிரம்பும். மாநகர சபைக்கு மனு எழுதினோம், ஆட்களைக் கூட்டிக்கொண்டு போய் நின்றோம். அளந்துகொண்டு போனார்கள், படம் எடுத்துக்கொண்டு போனார்கள். அந்த லேனில் ஒரு சின்னப் பிள்ளையை டொக்டர் தன் கையால் ஓட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார், பிள்ளை திரும்பி வரவில்லை. அதற்குப் பிறகு வந்த மாநகர சபைத் தேர்தலில், ஒரு சுயேச்சைக் குழு எங்கள் வட்டாரத்துக்கு ஆள் தேடுவதாகக் கேள்விப்பட்டு, டொக்டர் தானாகவே போய்ப் பெயர் கொடுத்தார்.

சொந்தப் பணத்தில் துண்டுப் பிரசுரம் அடித்திருக்கலாம். வெள்ளவத்தை வீடு அவருடைய பெயரில்தான் இருந்தது. ஆனால் அவருக்கு அது பிடிக்கவில்லை.

"என்ர காசில நிண்டால் நான் மட்டும்தான் நிக்கிறன். இந்த லேன் ஆக்களின்ர காசில நிண்டால் அவையும் என்னோட நிக்கினம். அஞ்சு ரூபாய் எண்டாலும் பரவாயில்லை" என்றார்.

எனக்கும் அது நல்லதாகத்தான் பட்டது. டின்னில் போடுகிற சனம் இதற்கும் போடாதா என்று நினைத்தேன்.

அப்போதுதான் அவர் தேர்தல் செலவுச் சட்டத்தைக் கையில் எடுத்தார். மருந்து விபரத்தாள் வாசிப்பது போலக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒரு வரி விடாமல் வாசித்தார். எவ்வளவு செலவழிக்கலாம் என்பதற்கு வரம்பு உண்டு. வென்றாலும் தோற்றாலும் முடிவு வந்து மூன்று கிழமைக்குள் கணக்குக் காட்ட வேண்டும். வந்த நன்கொடை எல்லாம் அதில் இருக்க வேண்டும். யார் தந்தது என்று தெரியாத பணத்தைத் தொடவே கூடாது. காட்டிய கணக்கை விரும்பிய வாக்காளர் போய்ப் பார்க்கலாம். வாசித்து முடித்ததும் டொக்டருக்கு முகமெல்லாம் சந்தோஷம். பெயர் இல்லாமல் வருகிற பணம்தான் இந்த நாட்டைக் கெடுத்தது, இப்படி ஒரு சட்டத்துக்காகத்தான் இவ்வளவு காலமும் காத்திருந்தோம் என்றார். தருகிற எல்லோரிடமும் பெயர், விலாசம், அடையாள அட்டை இலக்கம் மூன்றையும் வாங்கி ரசீது கொடுக்கும்படி என்னிடம் சொன்னார்.

முதலில் வந்தவர் லேனில் இடியப்பம் அவித்து விற்கும் அக்கா. சேலைத் தலைப்பில் முடிந்திருந்த நோட்டை அவிழ்த்து என் முன்னால் வைத்தார். நான் பேனையை எடுத்தேன்.

"அக்கா, பேரும் ஐசி நம்பரும் சொல்லுங்கோ. ரசீது தாறன்."

"ஐசி நம்பரா? அது எதுக்கு மிஸ்? நம்ம டொக்டருக்குத்தானே குடுக்குறேன்."

"இப்ப அப்பிடித்தான் அக்கா சட்டம். ஆர் தந்தது எண்டு தேர்தல் கந்தோருக்குக் காட்ட வேணும்."

"அவங்க அத யாருக்குக் காட்டுவாங்க?"

"ஆர் கேட்டாலும் காட்டுவினம்" என்றேன். உண்மையைத்தான் சொன்னேன். அக்காவின் கை மெதுவாக வந்து நோட்டை மூடியது. நாளைக்கு வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

அவருடைய முகத்தில் தெரிந்த பயம் எனக்குப் புதிதல்ல. யுத்த காலத்தில் கொழும்பில் எங்கள் தமிழ் வீடுகளில் யார் யார் இருக்கிறார்கள் என்று பொலிசில் பதிய வேண்டும். விடியற்காலைச் சுற்றிவளைப்பில் அந்தத் தாளைத்தான் முதலில் கேட்பார்கள். என் அண்ணாவை அப்படி ஒரு விடியலில் ஏற்றிக்கொண்டு போய், நாங்கள் அழுது ஓய்ந்த பிறகு விட்டார்கள். எங்கள் தாளில் ஒரு பிழையும் இருக்கவில்லை, எல்லாப் பெயரும் ஒழுங்காகத்தான் இருந்தன. அன்றிலிருந்து பெயரையும் இலக்கத்தையும் ஒருவர் எழுதத் தொடங்கினாலே என் கண் வாசலுக்குப் போகும். இப்போது பேனையோடு இந்தப் பக்கம் இருந்தது நான்.

அக்கா மறுநாள் வந்தார், பணத்தோடு அல்ல. டொக்டருக்கு ஒரு பொட்டலம் இடியப்பமும் சம்பலும். வருடக்கணக்காகக் கொண்டுவருகிறவர்தான், டொக்டரும் ருசித்துச் சாப்பிடுவார். அன்று டொக்டர் பொட்டலத்தையும் என்னையும் பார்த்தார்.

"இதுவும் நன்கொடைக்குள்ள வருமோ?" என்று கேட்டார். பகிடி என்று நினைத்தேன். அவர் பேர்சைத் திறந்து பணத்தை எடுத்து அக்காவின் கையில் வைத்தார். தேர்தல் முடியும் வரைக்கும் மட்டும்தான் என்று சமாதானமும் சொன்னார். அக்கா வாங்கிக்கொண்டார். வாங்காமல் போயிருந்தால்கூட எனக்கு மனம் ஆறியிருக்கும்.

பிறகு மாளிகாவத்தையிலிருந்து ஹாட்வேர்க் கடை நானா வந்தார். அவருடைய மகளின் இழுப்பு நோயை டொக்டர்தான் மாற்றினார். நானா கதிரையின் நுனியில் இருந்துகொண்டு, வாசலைப் பார்த்துப் பார்த்துக் கதைத்தார்.

"சல்லி பிரச்சினையே இல்ல டொக்டர். பிரசுரம், ஹோல் வாடகை எல்லாம் நான் பாக்குறன். பேர மட்டும் போட வாணாம். நாளைக்கு மத்தவன் வெண்டா, என்ட கடைக்கு ஒருத்தனும் ஓடர் தரமாட்டான்."

"பேர் இல்லாமல் வாங்க ஏலாது நானா."

"எல்லாரும் அப்பிடித்தானே டொக்டர் வாங்குறாங்க?"

"அதாலதான் நான் நிக்கிறன்" என்றார் டொக்டர். நானா எழுந்து, தொழுகையில் துஆச் செய்வதாகச் சொல்லிவிட்டுப் போனார். துஆவுக்கு ரசீது தேவையில்லைதானே என்று நான் முணுமுணுத்தேன், டொக்டர் சிரிக்கவில்லை. நான் என் பணத்தை மேசையில் வைத்து, என் பெயரையும் இலக்கத்தையும் நானே எழுதினேன். எழுத்துக் கொஞ்சம் கோணலாக விழுந்தது. கடைசி வரைக்கும் அந்த ரசீதுப் புத்தகத்தில் இருந்தது என் பெயர் ஒன்றுதான்.

அந்தக் கிழமையில் டின்னைக் கவிழ்த்தபோது ஒரு என்வலப் விழுந்தது. மடித்துத் திணித்திருந்தார்கள், நல்ல தடிப்பு. மேலே 'டொக்டரின் எலெக்ஷனுக்கு' என்று எழுதியிருந்தது, வேறு ஒன்றும் இல்லை. டொக்டர் அதைத் திறக்கவில்லை. தேர்தல் அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுத்துக் கேட்டார். எடுத்த உத்தியோகத்தர் மரியாதையாகச் சிங்களத்தில் பதில் சொன்னார்: பெயர் தெரியாத பணத்தை ஏற்க முடியாது. அப்படியானால் நான் இதை என்ன செய்ய என்று டொக்டர் கேட்டார். ஏற்காமல் விடுங்கள் என்றார் அவர். ஏற்காமல் விட்ட என்வலப் மேசையில் எங்கள் இருவருக்கும் நடுவில் கிடந்தது. உரியவர் வந்து எடுத்துக்கொள்ளவும் என்று சுவரில் எழுதி ஒட்டினோம். ஒருவரும் வரவில்லை. வாங்கில் இருந்தவர்கள் அறிவித்தலை வாசித்துவிட்டுத் தரையைப் பார்த்தார்கள்.

டொக்டர் பயந்துவிட்டார். வெல்ல முடியாமல் போவது பற்றி அல்ல. டின்னில் விழுவதில் எது மருந்துக்கு, எது தேர்தலுக்கு என்று நாளைக்கு யாராவது கேட்டால் எப்படிக் காட்டுவது என்ற பயம். டின்னை எடுத்து உள்ளே அலுமாரியில் வைத்துப் பூட்டினார். தேர்தல் முடியும் வரை எல்லோரிடமும் ஒரே கட்டணம் வாங்கிப் பில் கொடுக்கும்படி சொன்னார். மிகச் சின்னத் தொகை. இல்லாதவர்கள் சொன்னால் விட்டுவிடலாம் என்றும் சொன்னார். ஆனால், இல்லை என்று அதுவரை அவர்கள் வாய் திறந்து சொல்லத் தேவையே இருக்கவில்லையே. இப்போது என் முகத்தைப் பார்த்து, வாங்கு நிறைய ஆட்கள் கேட்கச் சொல்ல வேண்டும். அவர்கள் சொல்லவில்லை, வராமல் விட்டார்கள். நான் டொக்டரிடம் சொன்னேன். கத்தியும் பார்த்தேன். அவர் மேசையில் முழங்கையை ஊன்றி நாடிக்குக் கை கொடுத்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"நீர் சொல்லுறது விளங்குது. ஆனால் நான் எங்க பிழை விட்டனான் எண்டு சொல்லும், திருத்துறன்" என்றார்.

சட்டத்தைத் திட்டலாம் என்றால் அது கேட்டது நியாயம். சனத்தைத் திட்டலாம் என்றால் அவர்களுடைய பயம் எனக்குள்ளும் இருந்தது. அந்த நாட்களில் எனக்கு வந்த கோபத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்று தெரியாமல், வீட்டில் சட்டி பானையோடு சண்டை பிடித்தேன்.

டொக்டர் தோற்றார். எத்தனை வாக்கு என்பதை எழுத எனக்கு மனம் வரவில்லை. மற்றவர்கள் என்ன கணக்குக் காட்டினார்கள் என்பது தெரியாது. தேர்தலுக்கு முதல் கிழமை லேனுக்குள் சாப்பாட்டுப் பார்சல் வந்தது மட்டும் தெரியும், யார் அனுப்பியது என்று ஒருவரும் கேட்கவில்லை. டொக்டர் குறித்த நாளுக்கு முன்பே கணக்கைக் கொடுத்தார். நன்கொடையாளர் என்ற இடத்தில் என் பெயர். டின்னைப் பழையபடி பலகையில் வைத்தோம். டின் வந்தது, ஆட்கள் வரவில்லை. பெயர் தராதவர்கள் டொக்டரின் முகத்தில் முழிக்கக் கூச்சப்பட்டு வேறு இடம் போனார்கள், காசில்லாதவர்கள் எங்கேயும் போகாமல் இருந்திருப்பார்கள். சில மாதம் வாடகையைக் கையிலிருந்து கட்டிப் பார்த்துவிட்டு, டொக்டர் டிஸ்பென்சரியை மூடினார். சாமான் ஏற்றிய அன்று டின்னையும் அதற்குள் என்வலப்பையும் வைத்து என்னிடம் தந்தார். ஆரும் கேட்டு வந்தால் குடும் என்றார்.

நான் இப்போது பொரளைப் பக்கம், விசேட வைத்தியர்களைப் பார்க்க நம்பர் கொடுக்கும் ஒரு தனியார் சனலிங் சென்டரில் காசாளராக இருக்கிறேன். கண்ணாடிக்குப் பின்னால் இருந்து நாள் முழுக்கப் பெயர், அடையாள அட்டை, தொலைபேசி இலக்கம் கேட்பதுதான் வேலை. போன மாதம் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இடியப்பம் அக்கா வந்து நின்றார், கண் டொக்டரைப் பார்க்க. நான் கேட்க முன்பே பெயரையும் இலக்கத்தையும் மனப்பாடமாகச் சொன்னார். பில்லை நீட்டும்போதுதான் என்னைக் கண்டுகொண்டார். டொக்டர் சுகமா என்று கேட்டார். பிறகு கண்ணாடியின் ஓட்டைக்குக் கிட்டக் குனிந்தார்.

"அந்தக் கவரத் தொறந்தே பாக்கலியாமே மிஸ்? அது எங்க லேன்ல வீடு வீடாப் போயிச் சேத்த காசு. நான்தான் டின்ல போட்டேன்."

"ஏனக்கா அப்ப சொல்லேல்லை?" என்றேன்.

"சொன்னா பேர் கேப்பீங்களே."

"இப்பவெண்டாலும் ஆரார் தந்தது எண்டு சொல்லுங்கோவன். திருப்பிக் குடுப்பம்."

"பேர் எதுக்கு மிஸ்? பாதிப் பேர் வீடும் மாறிட்டாங்க" என்றார். பின்னால் நின்றவர் பொறுமையிழந்து செருமினார். அக்கா நகர்ந்துவிட்டார்.

அன்று பின்னேரம் டொக்டருக்குத் தொலைபேசி எடுத்துச் சொன்னேன்.

"லேன் முழுக்கவோ?" என்றார். பிறகு, "ஆரார் எண்டு கேட்டனீரோ?" என்றார்.

"கேட்டனான் டொக்டர். சொல்லேல்லை."

"ஓம், சொல்ல மாட்டினம்" என்றார். "டின்னைத் துடைச்சு வையும். இந்த மழைக்குக் கறள் பிடிச்சிடும்."

துடைத்து என் அலுமாரியின் மேல்தட்டில் வைத்திருக்கிறேன். மூடியின் வாயில் ஒட்டிய பிளாஸ்டர் மஞ்சளாகிவிட்டது. நேற்றுப் பெய்த மழைக்கு அந்த லேனில் தண்ணீர் வீடுகளுக்குள் போனதாகச் சொன்னார்கள். டொக்டர் அவர்களுக்காகத்தான் நின்றார், அவர்களும் அவருக்காக வீடு வீடாகப் போயிருக்கிறார்கள். அந்த என்வலப் இன்னும் பிரிக்கப்படாமல் டின்னுக்குள் கிடக்கிறது. கொண்டுபோய்க் கொடுக்க என்னிடம் ஒரு பெயரும் இல்லை.