ஆறு உறைகள்

யாழ்ப்பாணத்திலிருந்து மன்னாருக்குப் போகும் பஸ்ஸுக்கு இலுப்பைக்கடவையில் டயர் மாற்றுகிறார்கள். வெயில் பட்டால் மகளுக்குக் காய்ச்சல் வருமோ என்ற பயத்தில், அவளைத் தூக்கிக்கொண்டு கடை வாங்கில் உட்கார்ந்திருக்கிறேன்.

பக்கத்தில் இருக்கும் பெண் ஒரு கடிதத்தை நீட்டுகிறாள். தங்கள் தெருவுக்குக் குடிதண்ணீர்க் குழாய் கேட்டு, பாராளுமன்ற உறுப்பினருக்கு எழுதியது.

"தங்கச்சி, மேல எம்.பி.யின்ட பேரை எழுதித் தாங்கோ. எனக்குப் பேர் தெரியாது, ஏழாம் இலக்கக்காரருக்குத்தான் வாக்குப் போட்டனான்."

போனில் தேர்தல் முடிவை இரண்டு தடவை பார்க்கிறேன். சொல்லத்தான் வேண்டும்.

"அவர் தோத்திட்டார் அக்கா."

"அப்ப எங்கட ஊருக்கு ஆர்?"

"ஊருக்கெண்டு தனியா ஒருத்தரும் இல்லை. முழு வன்னிக்கும் ஆறு பேர்."

கொஞ்சம் யோசித்தவள் கடைக்குள் போய், கடிதத்தின் ஐந்து பிரதிகளும் ஆறு உறைகளும் கொண்டுவருகிறாள்.

"ஆறு பேருக்கும் அனுப்புவம். 'உங்களுக்குத்தான் வாக்குப் போட்டனான்' எண்டு கீழ ஒரு வரி எழுதிவிடுங்கோ."

"மூண்டு பேருக்கு மேல விருப்பு வாக்குப் போடேலாது அக்கா. அதுவும் ஒரே கட்சிக்குள்ளதான்."

"ஆறு பேரும் ஒண்டா இருந்தே வாசிக்கப் போகினம்?"

பொய் எழுதுவது பிழை. எழுதாமல் விட்டுத் தண்ணீர் வராமல் போனால், அதுவும் என் பிழையாகிவிடுமோ என்று இருக்கிறது. மகளை அவள் மடியில் வைத்துவிட்டுப் பேனையை எடுக்கிறேன். ஐந்து கடிதங்களில் அவள் சொன்னபடியே எழுதுகிறேன். அமைச்சராகக்கூடும் என்று செய்தியில் கண்டவருக்கு மட்டும், "குடும்பமாகப் போட்டோம்" என்று எழுதிவிடுகிறேன்.